விளிம்பில் அரம் பட்ட இடம்

கோட்டாறு மீரான்பிள்ளை கடையில்
கைப்பிடி போன உருளிக்கு அடியில் கிடந்தது.
"வெள்ளியின்னா உனக்குக் கிட்டுமா பிள்ளே?
எப்பவோ உருக்கிக் கொலுசு ஆக்கியிருப்பான்.
இது வெங்கலம். யாருக்கும் வேண்டாம்.
நூத்தம்பது தந்துட்டு எடுத்துக்கோ."
நூற்றிருபதுக்கு முடிந்தது.

மார்த்தாண்டம் பஸ்ஸில்
கைக்குட்டையை மெல்லப் பிரித்தேன்.
ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா,
கிரீடம் இல்லை, கழுத்தோடு முடிகிறார்.
மறுபக்கம் துணியில்லாமல் குதிரை ஏறிய ஒருத்தன்.
குளம்பருகே மண்டையோடு.
பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து
"எடத்துவா பெருநாளுக்கு வாங்கினதா மக்களே?"
என்றாள்.
ஆமாம் என்றேன்.
குதிரைக்காரர் அதே புனிதர்தான்,
முழுப் பொய் இல்லை.

பல் செட் செய்வது என் தொழில்.
மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல்.
ராத்திரி எட்டு மணிக்குமேல் அதே மேசையில்
பதக்கங்கள்.
அவற்றில் படிக்கவேண்டியது முகத்தை இல்லை,
விளிம்பை.
எண், பதவி, பெயர், படை.

அச்செடுக்கும் ரோஸ் மெழுகை
வெந்நீரில் இளக்கி
அதன்மேல் விளிம்பை உருட்டினேன்.
மெழுகில் எழுத்து இடவலம் மாறி நிற்கும்.
வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் காட்டினால்
திரும்பிக்கொள்ளும்.

2417.
பிறகு ஒரு வழுக்கல்.
பிறகு மாடன், அல்லது மாதன்.
ஆங்கிலத்தில் டகரமும் தகரமும்
ஒரே அறையில் வாடகைக்கு இருக்கின்றன.
கடைசியில் போர்ட்டர் கோர்,
சுமை தூக்கிய படை.
பஸ்ராவுக்குப் போயிருக்கலாம்.

லண்டனுக்கு எழுதினேன்.
நான்கு மாதம் கழித்து மரியாதையாகப் பதில்:
படையோடு சென்ற பணியாட்களின் ஏடுகள்
எங்களிடம் இல்லை.
பாகோடு, மேக்கோடு, பள்ளியாடி,
மூன்று சபைகளிலும் ஞானஸ்நானப் பதிவேடு புரட்டினேன்.
'முந்தைய பெயர்' பத்தியில் பதினோரு மாடன்கள்.
அடுத்த பத்தியில் எல்லாரும்
யோசுவா, கிதியோன், ஞானாபரணம்.
எந்த மாடன் கப்பலேறினான் என்று
பாதிரியார் எழுதவில்லை.

கொச்சியில் வாங்கி விற்கும் வர்கீஸ்
போனிலேயே உதட்டைப் பிதுக்கினார்.
"விளிம்பு தேய்ச்சதா? பாதி விலைகூட வராது.
திருட்டுச் சரக்கு. பெயரை அழிக்கப் பார்த்திருக்கான்."

ஆனால் பெயர் அப்படியே இருக்கிறதே வர்கீஸ் சார்.

என் டப்பாவில் அதே படையின் இன்னொன்று உண்டு,
தோவாளைக்காரர் ஒருவருடையது, அரம் படாதது.
அதில் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே
ஆறு ஆங்கில எழுத்து:
கூலி.
வெர்னியர் வைத்து அளந்தேன்.
மாடனின் வழுக்கல்
அந்த ஆறு எழுத்துக்குச் சரியாக இருந்தது.

சொல் நம்முடையதுதான்.
இங்கே அது சாயங்காலம் கையில் வாங்குவது.
அங்கே அதையே ஒரு மனிதனின் முன்னால் அடித்து
மாட்சிமை தங்கியவர் பரிசென்று
தபாலில் அனுப்பினார்கள்.

லென்ஸுக்குக் கீழே கீறல்கள் எல்லாம் ஒரே திசை.
அவசரமில்லாத கை.
பெயரின் முதல் எழுத்துக்கு
மயிரிழை முன்னால் நின்றுவிடுகிறது.
ஆங்கிலம் தெரியாதவர் என்றால்
யாரிடமோ கொண்டுபோய்க் காட்டிக் கேட்டிருக்கவேண்டும்:
இதில் என் பேரு எது?
அப்போ இது என்ன?
சொன்னவர் யாரோ. ரைட்டரோ, வாத்தியாரோ.
சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொண்டாரோ.

சாய்வாக வெளிச்சம் அடித்தால்
அழித்த எழுத்தின் நிழல் சிலசமயம் எழும்.
எனக்கு அந்த வித்தை தெரியும்.
டார்ச்சை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

அட்டையில் எழுதியது:
உலோகம், வெண்கலம்.
நாடா இல்லை.
பெயர், மாடன் (டகரம் என் ஊகம்).
பதவி என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனா நின்றது.
உரியவரால் நீக்கப்பட்டது,
என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டு
அதை அடித்தேன்.

நாளைக் காலை பத்துக்கு
குலசேகரத்து ரப்பர் வெட்டுக்காரருக்கு
மேல்வரிசை கொடுக்கவேண்டும்.
மெழுகு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.