வழக்கம் போல

"முந்தாநாள் நள்ளிரவிலிருந்து
நேற்று நள்ளிரவு வரை
வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கள்.
தண்ணீரும் கணக்கு."

மணிக்கு முப்பத்தொரு டொலருக்கு
இதைத்தான் கேட்கிறேன்,
டண்டினோங்கில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
காதில் ஹெட்செட், மடியில் போர்வை.
பதினெட்டு முதல் முப்பது வயது வரை.
நகரத்தார் ஒரு பட்டியல்
நாட்டுப்புறத்தார் ஒரு பட்டியல்.
எல்லாரும் போன வாரம்
வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தவர்கள்.
அந்த எண்கள் எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது.

பொய்யை முதல் கவளத்திலேயே பிடித்துவிடலாம்.
"காலையில் ஓட்ஸ்" என்று தொடங்கும்.
ஃபுட்ஸ்கிரேயில் ஒருத்தி
மூன்று அழைப்பிலும் ஒரே ஆப்பிளைத் தின்றாள்.
வெரிபியில் ஒருவன்
ஊருக்கெல்லாம் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
கடைசி ஆர்டர் ரத்தானால்தான் அவனுக்கு இராச்சாப்பாடு.
நேற்று யாரோ வேண்டாமென்ற பட்டர் சிக்கன்,
போன முறை யாரோ வேண்டாமென்ற சுஷி.
இரண்டுக்கும் குறியீட்டு எண் இருக்கிறது.
வேண்டாமென்றதற்கு இல்லை.

செவ்வாய் மாலை, ராபின்வேல்.
இருபத்தாறு வயது, பாதாம் தோட்டம்.
'வாட்டர்' என்று நான் சொன்ன விதத்தில்
பிடித்துவிட்டான்.
"அக்கா, தமிழே?"
மொழி மாற்றலாம் என்று விதி உண்டு.
அக்காவுக்கு விதி இல்லை.

பெயர் தேவையில்லை என்றேன்.
மயூரதன் என்றான்.

விடிய நாலரைக்கு எனர்ஜி டிரிங்க், பெரிய டின்.
ஏழு மணிக்குப் பெற்றோல் செட்டில்
இறைச்சிப் பை.
(என் தமிழ் அதை ஒருமுறை
கையில் தூக்கிப் பார்த்தது.)
பத்து மணிக்கு இன்னொரு டின்.
"மரக்கறி ஏதும்?"
"தக்காளிச் சோஸ் கணக்கோ?"

சுற்றிவர என்ன இருக்கிறது என்றேன்,
படிவத்தில் இல்லாத கேள்வி.
"பாதாம். கண்ணுக்கெட்டின மட்டும் பாதாம்.
அங்கால முந்திரிகை. அதுக்கங்கால ஆறு.
எல்லாம் லொறியில மெல்பனுக்குப் போகும்,
போய்த் திரும்பி வந்தால்தான் எங்கட கடைக்கு.
ஒரு கட்டுக் கீரை அஞ்சரை டொலர்.
பை, ரெண்டாவது பாதி விலை."
"பாதாம் சாப்பிடுவீர்களா?"
"மெஷின் மரத்தை உலுப்பேக்க
தூசு சாப்பிடுவன்."

பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது.
"இரத்தம் எடுத்த நேர்ஸ் போன் பண்ணினவ.
வயசுக்கு இது கூட எண்டா.
எது கூட எண்டு விளங்கேல்லை.
ஈரல்ல கொழுப்பாம், சீனி விளிம்பில நிக்குதாம்.
அக்கா, நான் பெல்ட்டில கடைசி ஓட்டை.
எனக்கெங்க கொழுப்பு?"

திரையில் வாசகம் ஆயத்தமாக இருந்தது:
இது பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.
வாசித்தேன்.
"வைத்தியர் அடுத்த மாதம் பத்தொன்பதாம் திகதி," என்றான்.
பின்னால் எங்கோ ஒரு நாய்,
யாரோ கதவை உதைத்துச் சாத்தினார்கள்.

கடைசிக் கேள்வி.
"நேற்றுச் சாப்பிட்டது வழக்கத்தைவிடக் கூடவா,
குறைவா, வழக்கம் போலவா?"

நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்,
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா ஒவ்வொரு நாளும் எடுப்பா.
சாப்பிட்டியா எண்டு கேப்பா.
ஓம் எண்டால் காணும் அவவுக்கு.
என்ன எண்டு கேட்டது நீங்கள்தான்."

'வழக்கம் போல' என்ற கட்டத்தில்
அம்புக்குறியை வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள், அக்கா?"

மேசையில் மெஷின் சிப்ஸ், உள்ளே உப்பு மட்டும் மிச்சம்.
அதற்கு முன்னம் காரில் ஒரு டோனட்,
அதற்கு முன்னம் நின்றபடி இன்னொன்று,
அதற்கும் முன்னம் நினைவில்லை,
ஏதோ சூடாக, கடதாசிக் கோப்பையில்.

"ஓட்ஸ்," என்றேன்.