ஐந்தும் ஏழும்

பனியா மழையா என்று டொலீடோவின் வானம்
முடிவெடுக்காத ஒரு மார்ச் சனிக்கிழமை.
வெண்டெல் புருசாக் தன் கூரைக்கான கூலியைத்
தள்ளிக்கொண்டு வந்தான்,
தெருவின் இந்தப் பக்கம்வரை, அறுபது அடி.
அவன் பின்னால் தள்ள
நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.
எழுபத்தொன்றாம் வருடத்து பிளைமவுத் டஸ்டர்.
நிறம் பச்சை என்கிறது பத்திரம்.
துரு ஒத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்டை நிறுத்தியிருந்தார்கள்.
நான்கு நாள், இரண்டு ஆள், லாரி நிறைய ஓடு.
பணம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை,
சாவியை நீட்டினான்.
எண்ணிப் பார்த்தால் மரியாதையில்லை என்பதுபோல
நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு என் ஞாயிறுகளுக்கு
நகக்கண்ணில் கருப்பு.
எக்ஸாஸ்ட் போல்ட் ஒன்று அசையமாட்டேன் என்றது.
சூடு காட்டினேன், மெழுகை உருக்கி விட்டேன்,
கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோய்
கடைசியில் நல்ல வார்த்தையும் சொன்னேன்.
தலை மட்டும் கையோடு வந்தது.
உடலைத் தோண்டி எடுக்க ஏப்ரல் முழுக்கப் போனது.
வால்வு மூடிக்குப் பெயின்ட் அடித்து
சமையலறை அவனில் சுட்டேன்;
பத்து நாள் என் வீட்டு மக்காச்சோள ரொட்டி
ஆரஞ்சு நிறமாகவே மணத்தது.

ஓடத்தான் செய்தது.
ஆற்றுப்பாலம் ஏறி அழுத்தி மிதித்தால் மட்டும்
படிக்கட்டில் செருப்பு கழன்றவள்போல்
ஒரு தடுமாற்றம்.
பிளக் மாற்றினேன். மூடி மாற்றினேன்.
கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி
மேஜைவிரிப்பில் பரப்பி, மூன்று முறையும்
ஒரு ஸ்பிரிங் மிச்சம் வைத்துப் பூட்டினேன்.

டைமிங் விளக்கைக் காட்டினால்
நிமிடத்துக்கு எழுநூறு சுற்று சுற்றும் சக்கரத்தில்
வெள்ளைக் கோடு மட்டும் அசையாமல் நிற்கும்.
எதிர்வீட்டு ஜன்னலில் வெண்டெலும் அப்படித்தான்.
நாளெல்லாம் வீட்டுக்குள் சுற்றுகிறவன்
நான் நிமிர்ந்து பார்க்கும் நொடியில் மட்டும் நிற்பான்,
கையில் காபிக் கோப்பை,
காது என் கராஜில்.

விற்றவன் வந்து பார்ப்பது நியாயமில்லை
என்று அவன் நினைத்திருக்கலாம்.
விற்றவனிடம் போய்க் கேட்பது
தோல்வி என்று நான் நினைத்தேன்.
அவன் கூரையை நான் அண்ணாந்து பார்ப்பேன்,
ஒரு ஓடு கோணல், எனக்கு மட்டும் தெரியும்.
அதை நானும் அவனிடம் சொல்லவில்லை.

மே மாதம், வைப்பருக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு.
மின்கட்டண உறையைக் கிழித்த பின்பக்கம்,
பென்சிலில்:
'ஐந்தையும் ஏழையும் பிரித்து வை.'
மடிப்புக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று.

அடுத்தடுத்து நிற்கும் சிலிண்டர்கள்.
ஐந்து வெடித்ததும் ஏழின் முறை.
இரண்டு ஒயரும் உரசியபடி இணையாகப் போனால்
ஐந்துக்குப் போகிற நெருப்பு
ஏழிலும் தாவிவிடும், அழைக்காமலே,
நேரத்துக்கு முன்பே.
வெட்டு இல்லை, கசிவு இல்லை,
பக்கத்தில் கிடந்தது மட்டும்தான் குற்றம்.
இரண்டு அங்குலம் தள்ளிக் கொக்கியில் மாட்டினேன்.
பாலத்தை மூன்றாவது கியரிலேயே ஏறினேன்,
இறங்கித் திரும்பி, இன்னொரு முறையும்.

அன்று மாலையே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்
அந்தக் கோணல் ஓட்டைச் சரிசெய்தேன்.
கதவைத் தட்டவில்லை.
ஆணியின் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

இதோடு முடிந்தது என்றிருந்தேன்.
ஜூன் ஒன்பது, இரவு பத்தே முக்கால்,
மாமீ சாலையில் முனகலே இல்லாமல் நின்றுபோனது.
பெட்ரோல் முள் பாதி காட்டுகிறது.
ஒயரிங், பம்ப், காயில் எல்லாம் பார்த்துவிட்டு
வேறு வழியில்லாமல் போன் செய்தேன்.
யார் என்றுகூட அவன் கேட்கவில்லை.
'கோரா, முள் பாதியிலேயே நிற்கிறதா?'
'ஆமாம்.'
'அது எப்போதும் பாதிதான்' என்றான்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
பிறகு, அவன் வீட்டில் எங்கோ
தகர டின் ஒன்றைத் தேடும் சத்தம்.