வரைவு, நான்காம் முறை

கட்டடத்தின் உயரத்தில் பாதி
அடுத்த கட்டடத்துக்கு இடைவெளி என்று
மூன்றாம் முறையும் எழுதினேன்.
மூன்றாம் முறையும் அடித்தார்கள்.
ஓரத்தில் பச்சை மையில்
'மூன்றில் ஒன்று போதும். காரணம் இருந்தால் இணைக்கவும்.'

சத்துவாச்சாரிக்குப் போனேன்.
மே மாதம், பதினொன்றரை மணி.
பகலெல்லாம் வெயிலைக் கடன் வாங்கும் பாறை மலை
ராத்திரி வட்டியோடு திருப்பித் தரும் ஊர்.
எல்லா வரைபடத்திலும் வடக்குக்கு ஓர் அம்புக்குறி போடுகிறோம்,
காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று
யாரும் ஒரு கோடு போட்டதில்லை.

ஆறு பிளாக்.
கீழே வண்டிகள், மேலே நான்கு மாடி.
ஏ பிளாக் சமையலறையும் பி பிளாக் சமையலறையும்
ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன.
இங்கே தாளித்தால் அங்கே தும்மல்.
டேப்பை இழுத்தேன். பத்தடி.
திறந்திருந்த ஒரே ஜன்னலில் ஒரு பையன்,
"இன்னாக்கா, எவ்ளோ வந்துச்சு?"
சொன்னேன்.
"அவ்ளோ கீதா?" என்றான்.
"எதிர்வூட்டு அண்ணன் சார்ஜரை
கையாலயே குடுக்குறாரே."

திறந்தவெளி, பத்து சதவீதம்.
அனுமதி வரைபடத்தில் நல்ல கிளிப்பச்சை.
நேரில் டிரான்ஸ்பார்மர்,
ஜெனரேட்டர், செப்டிக் டேங்க் மூடி,
மூடியை ஒட்டி ஓர் இரும்பு ஊஞ்சல்.
தொட்டுப் பார்த்துக் கையை உதறினேன்.
கட்டிய முனிரத்தினம் குடை பிடித்து வந்தார்.
"காலியாத்தான மேடம் கீது?" என்றார்.
காலியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போதுதான்
வாட்ச்மேன் ஏகாம்பரம் கேட்டார்,
"லிப்ட்டை அளக்கலியா?"

போன கார்த்திகையில்
டி பிளாக் நான்காம் மாடியில்
மாத வாடகைக்கு ஒரு வங்காளக் குடும்பம்,
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
ஆபரேஷன் முடிந்து பதினாறாம் நாள்
விடிகாலையில் அவருக்கு மூச்சு இழுத்தது.
ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஏழு நிமிஷத்தில்.
ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் போகவில்லை.
சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து
வேட்டியால் மார்போடு கட்டி
நாலு பேர் படியில் இறக்கினார்கள்.

"திருப்பத்துக்குத் திருப்பம்
நாற்காலிக் கால் செவுத்துல இடிச்சிச்சு.
கோடு இன்னும் கீது. காட்டட்டா?"

ஏறினேன். கீழிருந்து அல்ல,
அவர் இறங்கிய வழியாகவே எண்ண வேண்டும் என்று
நான்காம் மாடி போய் ஆரம்பித்தேன்.
இடுப்புயரத்தில், வெளிர்மஞ்சள் சுவரில்
சிவப்புப் பிளாஸ்டிக் தீற்றல்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்தாவது திருப்பத்தில் கோடு இல்லை.
ஆறு, ஏழு, எட்டில் உண்டு.

ஐந்துக்கு நேரே ஒரு கதவு.
பெயர்ப்பலகையில் நஸ்ரீன் பானு, உருதுவிலும் தமிழிலும்.
சத்தம் கேட்டு அன்றைக்கு
கதவை அகலத் திறந்திருக்கிறார்,
சோபாவைக் காலால் தள்ளியிருக்கிறார்.
நாற்காலி அவர் கூடத்துக்குள் போய்
நிதானமாக வட்டமடித்து வெளியே வந்திருக்கிறது.
"தூங்கின பிள்ளைங்களைத் தாண்டி,"
என்றார் ஏகாம்பரம்.

பிழைத்தாரா என்று கேட்டேன்.
தெரியவில்லை அவருக்கு.
யாரோ உறவுக்காரர் வந்து பெட்டிகளைக் கட்டிப் போனாராம்,
அட்வான்ஸைக் கேட்காமல்.

இரவு, ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே
நான்காம் வரைவு.
'லிப்ட்: படுத்திருக்கும் ஒருவர்
படுத்தபடியே இறங்கும் நீளம்.
படித் திருப்பம்: எவர் வீட்டுக் கதவையும்
நம்பியிராத அகலம்.'
இரண்டாவது வரியை அடித்தேன்.
சட்டத்தில் அப்படி எழுத மாட்டார்கள்.
ஒன்று புள்ளி எட்டு மீட்டர் என்று போட்டேன்.

காரணம் இணைக்கச் சொன்னார்களே,
எட்டு புகைப்படம் வைத்திருக்கிறேன்.
ஏழில் கோடு இருக்கும்.
ஐந்தாவதைப் பார்த்துவிட்டு
தவறுதலாக வெறும் சுவரை எடுத்துவிட்டேன் என்று
பச்சை மை நினைக்கக்கூடும்.