வினா எண் பதினேழு

முதல் வரைவில் அது ஒரே வரிதான்:
'ஆரம்ப சுகாதார நிலையம்
உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?'
எதிரே ஒரு கட்டம்.
கட்டத்தை ஒட்டிப் பொடி எழுத்தில் கி.மீ.

ஐந்து ரோட்டு மாடியறையில்
மின்விசிறிக்குப் பறக்காமல்
தாளின் மேல் பூட்டை வைத்து
நான்தான் தட்டெழுதினேன்.
நெறியாளர் பிழை காணவில்லை.
ஒன்றுக்குள் ஒன்றாய் இரு கேள்வி இல்லை,
பதிலை வாயில் ஊட்டும் சொல் இல்லை,
பள்ளிப் பிள்ளைக்கும் புரியும், என்றார்.

சோதனைக்குக் கொட்டச்சேட்டுக்கு அப்பால் போனேன்,
பேருந்து திரும்பிக்கொள்ளும் இடத்துக்கும் அப்பால்.
மிளகு பறிப்பு. சில்வர் ஓக்கில் சாய்த்த ஏணியின்
பதினோராம் படியிலிருந்து
பெருமாயி கேட்டாள்:
'போறதுக்கா, வர்றதுக்கா?'

தூரம்ங்க, ரெண்டுக்கும் ஒண்ணுதானே, என்றேன்.

ஏணி கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு சிரிப்பு மட்டும் இறங்கி வந்தது.
'எறங்க அர மணி.
ஏற ரெண்டு.
மழைன்னா ஏறவே வேணாம், அங்கயே கெடக்கலாம்.
புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்குனா
அது வேற கணக்கு.
நீ எதக் கேக்குற?'

கேட்டது கி.மீ. வந்தது மணி.
'அரை / இரண்டு' என்று எழுதினேன்.
இடம் போதாமல் இரண்டு
கி.மீ.யின் தோளில் ஏறி உட்கார்ந்தது.

வினா பன்னிரண்டையும் சொல்லியாக வேண்டும்.
அன்று எனக்கு வழி காட்டியவன்
ரேஷன் கடையில் எடை போடுகிறவனின் தம்பி.
பதினாலு வீட்டிலும்
அரிசியின் தரம், 'மிகவும் திருப்தி'.
மறுநாள் அவனுக்குக் காய்ச்சல்.
மறுநாள் அரிசியில் புழு இருந்தது.

திரும்பும் வழியில்
இருபது கொண்டை ஊசி வளைவு, எண் போட்ட பலகைகள்.
ஏறும்போது பதினேழில்
ஜன்னலைத் திறந்து காப்பிப்பூ வாசம் தேடினேன்.
இறங்கும்போது அதே பதினேழில்
கைக்குட்டையை வாயில் பொத்தியிருந்தேன்.

நூற்றுப் பதிமூன்றாம் வரிசையில்
மெஹராஜின் விரல் நின்றது.
'சாப்ட்வேர் எடுக்காதுக்கா. ஏதாவது ஒரு நம்பர் குடு.
இல்லாட்டி தொண்ணூத்தொம்பது போடவா,
பதில் இல்லைன்னு?'
பதில் இருக்கே, என்றேன்.
கூட்டி இரண்டால் வகு, என்றார் நெறியாளர்,
டீயை ஆற்றிக்கொண்டே.

ஒன்றேகால்.
ஒன்றேகால் மணி நேரத்தில்
அந்த மலையில் யாரும் எங்கும்
போய்ச் சேர்வதில்லை.

செர்ரி ரோட்டில் மறுபடி ஜெராக்ஸ்,
இருநூற்று நாற்பது படிவம், என் காசில்.
17அ: நோயாளியோடு போக எவ்வளவு நேரம்?
17ஆ: திரும்பி வர?
17இ: கூட யார் வந்தார்?

முடிவு வந்தபோது
திட்டவிலக்கம் சராசரியை விடப் பெரிதாக இருந்தது.
தரவு சரியில்லையே, என்றார் நெறியாளர்.
மலை அப்படி, சார்.
17இ-யில் எழுபத்தொரு பேர்
'யாருமில்லை' என்றிருந்ததை
அவர் பக்கம் புரட்டிவிட்டார்.
நான் ஒரு விரலை
அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

புதுப் படிவத்தோடு நான் போனபோது
பெருமாயி தரையில் இருந்தாள்,
தார்ப்பாயில் மிளகைக் காலால் பரப்பிக்கொண்டு.
மூன்றுக்கும் நின்று நிதானமாய்ப் பதில் சொன்னாள்.
கடைசி வினா: இந்த ஆய்வு பற்றி
ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?

'கேள்வி இப்பப் பரவால்ல.
கொஞ்சம் தள்ளி உக்காரு.
மொளகு மேல
உன் நெழலு விழுது.'

தள்ளி உட்கார்ந்தேன்.
சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.