விருந்தினர் கணக்கு

ஜூலையில் பத்து மணிக்குத்தான் விடிகிறது
புந்தா அரேனாஸில்.
அதுவும் ஜலசந்திக்கு மேல் ஒரு சாம்பல் கோடு,
அவ்வளவுதான்.
காற்று தகரக் கூரையைப் பிடித்து
வட்டி கேட்க வந்தவன் போல உலுக்குகிறது.

கணினியை உணவு மேசைக்குத் தூக்கிவந்து
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறியில் ஒரு கைப்பிடி:
பூனை முடி, சிவப்புக் கம்பளி நூல்,
சூரியகாந்தி விதையின் தோல் ஒன்று.
யார் கொறித்தது என்று கேட்டேன்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பொத்தானை அழுத்தினால் திறக்கப் பதினோரு நிமிடம்.
அதற்குள் கெட்டில் கொதித்து
மாத்தே இரண்டு சுற்று போய்விடும்.
பிறகு வந்தன நான்கு சதுரங்கள்.
ஸ்வோனிமிர்: அப்பா.
நண்டுப் படகு எஞ்சின்களின் பழுதுக் கூலி,
யார் யார் பாக்கி, எத்தனை வருடமாக.
யெலிட்சா: தங்கை.
மூவாயிரத்துச் சொச்சம் படங்கள்,
பாதிக்குமேல் ஒரே நாய்.
தான்கோ: நான்.
பதினைந்து வயதில் வைத்த கடவுச்சொல்லை
இங்கே எழுதுவதாக இல்லை.
நான்காவது,
சதுரங்கக் குதிரையின் படத்தோடு,
விருந்தினர்.

‘இதில் யார் வந்து போவது?’
‘நான்தான்,’ என்றாள் அம்மா,
உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.
‘மூன்று பேர் போதும் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய்.’

சொல்லியிருப்பேன்.
நினைவில்லை. அதுதான் மோசம்.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
நீல வெளி, ஒரு மூலையில் குப்பைத்தொட்டி,
அதுவும் காலி.
பதினான்கு வருடம் வந்துபோன விருந்தாளி
ஒரு கரண்டியைக்கூட
இடம் மாற்றி வைத்திருக்கவில்லை.

பாக்கிகளை எடுத்து வைத்தேன். நாயை எடுத்து வைத்தேன்.
‘உனக்கு?’
‘ஒன்றுமில்லை. துடை.’
மேசைக்கும் என் மூக்குக்கும்
இதே குரலில்தான் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் அழியும், உறுதிதானா
என்று கேட்டது திரை.
அப்பா கதவோரம் வந்து நின்று
ஒருமுறை இருமினார்.
அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் விளக்கு மினுங்கியது.
தெருவில் எதுவோ பறந்துபோய் எதிலோ மோதியது.
மின்சாரம் போனால்
பழையதும் இல்லை, புதியதும் இல்லை,
வெறும் பெட்டி.
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
தோல் சீவும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எந்த மொழி? ஸ்பானியம்.
எந்த நேரம்?
பட்டியலில் சந்தியாகோவுக்கு ஒரு வரி,
எங்களுக்கு என்று தனியாக ஒரு வரி.
தலைநகரம் குளிர்காலத்தில்
ஒரு மணிநேரம் பின்னால் இழுத்துக்கொள்கிறது,
நாங்கள் மாட்டோம்.
இதில் மட்டும் அப்பாவுக்குப் பெருமை.

உங்கள் பெயர் என்ன?

விரல் பழக்கத்தில் அப்பாவின் முதல் எழுத்துக்குப் போயிற்று.
‘தள்ளு.’
ஈரக் கையை மேலங்கியில் பாதி துடைத்து
அவள் உட்கார்ந்தாள்.
இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தையும்
சந்தையில் தக்காளி பொறுக்குவதுபோல் தேடி,
நெவென்கா.
முதல் எழுத்து சிறியதாக விழுந்துவிட்டது.
அழித்தாள். பெரியதாகப் போட்டாள்.

இந்தக் கணினியின் பெயர்?
‘இதற்கும் பேரா,’ என்று சிரித்தாள்.
அது கொடுத்ததையே விட்டுவிட்டாள்.

கடவுச்சொல்?
‘திரும்பிக்கொள்ளுங்கள்.’

அப்பாவும் நானும் சுவரைப் பார்த்து நின்றோம்.
ஆணிக்கடை நாட்காட்டி, இன்னும் ஜூன்.
யாரோ கிழிக்க மறந்தது.
பதினொரு தட்டல்.
ஒரு நிறுத்தம்.
மறுபடி பதினொன்று, இந்த முறை வேகமாக.
வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.
ஜன்னல் கண்ணாடியில், தலைகீழ் எழுத்தில்,
பச்சையாக ஒரு சொல்:
வலுவானது.

இரவு பெட்டியை மூலைக்கு எடுத்துப் போகும்போது
பார்த்தேன்.
விசைப்பலகையில் ஏழு எழுத்துகளின் மேல்
உருளைக்கிழங்குப் பால் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.
இரண்டில் கொஞ்சம் தடிப்பாக.

துணியை நனைத்தேன்.
கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு
துடைத்தேன்.