இடைப்பட்ட காலம்

பல்கலைக்கழகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
மூன்று பிரதி, நீல மை மட்டும்.
பெயர்: நேசக்கனி அருமைநாயகம். அது சுலபம்.
ஏழாவது கட்டம்: 1942 முதல் 1946 வரை
இடைப்பட்ட காலத்துக்கு விளக்கம் தருக.
ஓய்வூதியப் பிரிவுத் தம்பி ஓரத்தில் பென்சிலால்
'வீட்டில் இருந்தேன்னு போட்டாப் போதும் மேடம்.'

வீட்டில் இருந்தேனா?
அருவங்காட்டு வெடிமருந்து ஆலைச் சங்கு ஊதி
அப்பா கண்விழிக்கையில்
கஞ்சி போட்ட காக்கிப் புடவை காலில் உரச
வெலிங்டன் மேட்டில் பாதி ஏறியிருப்பேன்.
கல்யாணத் தரகர் எதிரே வந்தால்
மழையில்லாத நாளிலும் குடையைச் சாய்த்துக்கொள்வார்.

சங்கேத அறை. சன்னலுக்குக் கறுப்புத் துணி.
தந்திகள் ஐந்தைந்து இலக்கமாக வரும்.
புத்தகத்து இலக்கங்களை அவற்றிலிருந்து கழிக்கவேண்டும்,
பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்காமல்.
ஏழில் ஒன்பது போனால் எட்டு.
பள்ளிக்கூடத்தில் இதற்கு அடி விழுந்திருக்கும்,
இங்கே சம்பளம்.

ஒரு செவ்வாய், விடிகாலை நாலு மணி.
கழித்து முடித்தால்
அரக்கான். லாரி ஓட்டி. ஹாலன். ஜகதளா.
எங்கேயோ ஓர் இலக்கம் பிசகியிருக்கும் என்று
மறுபடி கழித்தேன், மறுபடியும்.
மூன்று முறையும் ஹாலனே வந்தான்.

வாய் திறக்கமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
எங்கள் தெருவுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவருகிற மாதி
அவனைப் பெற்றவள்.
வெள்ளைத் தலைத்துணி, அதன்மேல் கூடை, மண் வாசனை.
சர்க்கார் கடிதம் வந்து சேரப் பதினொரு நாள்.
பதினொரு நாளும் வாங்கினேன்.
அவ்வளவு கிழங்கு தின்ன எங்கள் வீட்டில் ஆளில்லை.
ஐந்தாம் நாள் கேட்டாள்,
'பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு இப்போ லீவு தருவாங்களாம்மா?'
கையிலிருந்த கிழங்கின் கண்களை எண்ணிக்கொண்டே
தெரியாது என்றேன்.

பிறகு பட்டம், பிறகு சென்னை, புள்ளியியல் துறை.
நேர்முகத்தில் ஒருவர்,
'பட்டாளத்தில் பெண்கள் என்ன செய்தீர்கள், டீ போட்டீர்களா?'
கழித்தோம் என்றேன்.
எதையோ குறித்துக்கொண்டார். வேலை கிடைத்தது.

இருபத்தெட்டு வருடம் நிகழ்தகவு.
ஆகஸ்டு பிறந்தால் அந்தப் பாடம் வந்துவிடும்: எதிர்பார்ப்பு.
ஒவ்வொரு விளைவையும் அதன் வாய்ப்பால் பெருக்கு, கூட்டு.
வரும் விடை ஒருபோதும் நடக்காததாகவும் இருக்கலாம்,
பகடையில் மூன்றரை எங்கே விழுகிறது?
கடைசி பெஞ்சு சிரிக்கும்.
நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி
ஏற்கெனவே அழித்த இடத்தை அழித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது குன்னூரில் மழை, மூன்றாம் நாளாக.
ஏழாவது கட்டம் அரை அங்குல உயரம்.
எழுதினேன்:
ராணுவப் பணி, மூன்று வருடம் எட்டு மாதம்.
சான்று கேட்கிறார்கள். விடுவிப்புச் சீட்டை
பூச்சி தின்று தேதி மட்டும் மிச்சம். அதை இணைத்திருக்கிறேன்.
அடியில் ஒரு வரி சேர்த்தேன், மூன்று பிரதியிலும்:
இதில் பதினொரு நாளைக் கழித்துக்கொள்ளவும்.

எந்தப் பதினொரு நாள் என்று
தம்பி திருப்பி அனுப்புவான். அனுப்பட்டும்.
ஈரத்தில் தபால்தலையெல்லாம்
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது.
கெட்டில் ஆவியில் காட்டித்தான் பிரிக்கவேண்டும்,
கிழியாமல்.