குறிப்பு: பனிமூட்டம்

கட்டபெட்டுப் பள்ளிக்குக் காற்றை அளக்கும் பெட்டி
பார்சலில் வந்தது. செங்கல் அளவு. வெள்ளை நிறம்.
கூடவே ஒரு பதிவேடு:
பதினோரு வகுப்பறைக்குப் பதினோரு வரிசை,
கடைசிப் பத்தி, குறிப்புகள்.
ஆய்வக உதவியாளன் நான்தான் என்பதால்
அமிலக் குடுவை கழுவிய கையாலேயே
காற்றுக்கும் கணக்கு எழுத வேண்டியதாயிற்று.

தூசி அறுபதைத் தாண்டக் கூடாது.
கரியமிலவாயு ஆயிரத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திற.
விதி எழுதியவர் சமவெளிக்காரர் போலும்.
ஜனவரியில், விடிந்து வெகுநேரமாகியும்
புல் நரைத்தே கிடக்கிற காலையில்
ஏழாம் வகுப்பு ஜன்னலைத் திறந்து பாருங்கள்.
நாற்பத்திரண்டு கம்பளித் தொப்பிகள் ஒன்றாகத் திரும்பும்.
"சார், மூடுங்க சார்."
மூடினால் எண் ஏறும்.
வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் இன்னும் வேகமாக ஏறும்.
பதினாறாம் வாய்ப்பாடு முடிவதற்குள் ஆயிரத்து நானூறு.
ஹெச்.எம். எப்சிபா டீச்சர் வழி கண்டுபிடித்தார்:
"அளக்குறப்ப மனசுக்குள்ள சொல்லச் சொல்லுங்க."

ஜூலையில் வேறு வழக்கு.
பனிமூட்டம் தேயிலைச் சரிவிலிருந்து ஏறி
அனுமதி கேளாமல் எட்டாம் வகுப்புக்குள் வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது.
பெட்டி அதைத் தூசி என்றது. இருநூற்றுப் பத்து.
ஈரமா அழுக்கா என்று அதற்குத் தெரியாது,
ஒளியை மறிப்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான்.
எழுதினேன்: 'பனிமூட்டம். பிழை அளவு.'
மேலிடம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.
பெயின்ட் அடித்த வாரம், பனிமூட்டம்.
மைதானத்தில் குப்பை எரித்த வெள்ளிக்கிழமை, பனிமூட்டம்.
பளீரென்று வெயில் அடித்த ஒரு நாளும்.

மண்சரிவில் சாலை அடைபட்டபோது
சிலிண்டர் லாரி வரவில்லை.
சத்துணவுக்கூடத்தில் பரிபூரணம் அக்கா
ஈரச் சீகை விறகைச் செருகி ஊதிக்கொண்டிருந்தாள்,
நூற்றெழுபது பேருக்குச் சாம்பார் சாதம்.
பெட்டியை ஏன் அங்கே கொண்டுபோனேன்?
ஏணி எடுக்கப் போனேன், அது கையில் இருந்தது, அவ்வளவுதான்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் மினுக்கி நின்றது.
"என்ன சொல்லுது?"
"ஜாஸ்தின்னு சொல்லுது."
"அத நான் சொல்ல மாட்டனா" என்று
சிரிப்பாகத் தொடங்கியது இருமலாகி
உலை பொங்கி வழியும்வரை நீண்டது.

அன்றைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன்.
பன்னிரண்டாவது வரிசை: சமையற்கூடம்.
எண்ணை எழுதினேன்.
குறிப்புகளைக் காலியாக விட்டேன்,
எண்ணே பேசிக்கொள்ளட்டும் என்று.

ஊட்டியிலிருந்து ஆய்வுக்கு வந்த திருவேங்கடம் சார்
மஃப்ளரை அவிழ்க்காமலே பதிவேட்டைப் புரட்டினார்.
"விதியில வகுப்பறைதான். புள்ளைங்க மூச்சு விடுற இடம்."
பன்னிரண்டில் விரல் நின்றது.
முந்தைய பக்கங்களுக்குப் போனார்.
என் கையெழுத்தை நிதானமாகப் படித்தார்.
பிறகு பேனாவைத் திறந்து
காலியிடத்தில், என்னைப் போலவே சற்றுச் சாய்த்து,
எழுதினார்: பனிமூட்டம்.

கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?
சொல் என்னுடையது.
சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

சாலை திறந்துவிட்டது. சிலிண்டர் சில வாரம் வருகிறது.
பன்னிரண்டாவது கோட்டை அழிக்கச் சொன்னார்கள்,
மையில் இழுத்தது, போகவில்லை.
இன்று மூட்டம் இல்லை.
ரங்கசாமி மலையின் உச்சிவரை தெரிகிறது.
பெட்டியோடு ஏழாம் வகுப்பில் நிற்கிறேன்.
எல்லா உதடுகளும் அசைகின்றன,
மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு.
எண் ஏறவில்லை. விதிப்படிதான் இருக்கிறது.
இந்த அமைதியில்தான்
அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது
கீழேயிருந்து அந்த இருமல்.